ஊற்றாத நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, சன்னலோரத்து முக்காலியின் மேல் இருந்த செடியின் முன்னால் என் கணவர் குனிந்து நின்றார். இடது கையின் சுட்டுவிரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை இறக்கி, குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலச் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கணு வரைக்கும் கருப்பாக ஈரமண் அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டார். இலைகள் எல்லாம் தொட்டியின் விளிம்புக்கு வெளியே தலை தொங்கிக் கிடந்தன. மண் ஈரமாக இருக்கும்போது செடி எப்படி வாடும் என்று அவருக்குப் புரியவில்லை. அது அவர் முதுகிலேயே தெரிந்தது.

நான் சமையலறை வாசலில் கையில் கத்தியோடு நின்றிருந்தேன். மண் ஏன் ஈரமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரத்துக்கு முன்னால், அவர் குளியலறையில் இருந்தபோது, ஒரு டம்ளர் தண்ணீரை நான்தான் ஊற்றியிருந்தேன். முந்தின நாளும் ஊற்றினேன். அதற்கு முந்தின நாளும்.

அவர் என் பக்கம் திரும்பினார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கையும் காலும் பாதி அவருடையதாக இல்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக, அடைத்துக்கொண்ட குழாயிலிருந்து வருகிற தண்ணீர் போலத்தான் வரும்.

"நான்... ஊத்துனேனா?"

"ஊத்தியிருப்பீங்க. மறந்திருக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போய் வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் காரணமாக இருந்தது வசதியாகப் போயிற்று.

அவர் முப்பத்தோரு வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். கடைந்தெடுத்த இரும்பு ஒரு நூலளவு பிசகினாலும் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாராம். பட்டறையில் அவருக்கு 'நூல் அண்ணன்' என்று பெயர். நான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருக்கிறேன். தையலில் எங்கே பிசிறு, எங்கே கோணல் என்று பார்த்து ஒதுக்குவதுதான் வேலை. அங்கே பெண்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பூதக்கண்ணாடி'. என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். எங்கள் மகள் பிறந்தபோது அவருடைய தம்பி, "நூலுக்கும் பூதக்கண்ணாடிக்கும் பொறந்தது ஊசியாத்தான் இருக்கும்" என்றான். அப்படித்தான் ஆனாள். அவள் வாயைத் திறந்தால் குத்தாமல் மூடமாட்டாள். இப்போது கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து போனில் குத்துகிறாள்.

வீட்டிலும் அவர் நூல்தான். நான் மடித்து வைத்த துணியை, ஒரு வார்த்தை பேசாமல் பிரித்து, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து மறுபடி மடித்து வைப்பார். நான் மூடிய குழாயைப் போய் இன்னொரு முறை இறுக்குவார். நான் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். திட்டினதே இல்லை. திட்டியிருந்தால் தேவலையே, பதிலுக்கு நாலு கேட்டிருக்கலாமே என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்ததற்கு வெறும் அக்கறை மட்டும் காரணம் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நானே அப்படித்தான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செடி பிசியோதெரபி பெண் கொண்டுவந்தது. வாரத்துக்கு மூன்று நாள் வந்து அவர் கையையும் காலையும் நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பாள். என் மகளைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆன்ட்டி, எல்லாத்தையும் நீங்களே செஞ்சு குடுக்குறீங்க. அவருக்குன்னு ஒரு வேலை இருக்கணும். அவரோட பொறுப்பு, அவர் செஞ்சாத்தான் உண்டுன்னு ஒண்ணு" என்றாள். அடுத்த முறை வரும்போது பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு பீஸ் லில்லியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுச் செடியிலிருந்து பிரித்தது. கரும்பச்சை இலைகள், நடுவில் கரண்டி போல ஒரே ஒரு வெள்ளைப் பூ.

அவர் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். "இதுக்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது அங்கிள். காலைல விரல விட்டுப் பாருங்க, ரெண்டாவது கணு வரைக்கும். அதுவரைக்கும் காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. ஊத்துறப்போ கஞ்சத்தனமா ஊத்தாதீங்க, அடி ஓட்டை வழியா தண்ணி வரணும். வந்த தண்ணியத் தட்டுலயிருந்து கொட்டிருங்க. ஈரமா இருந்தா அன்னைக்கு விட்டுருங்க. பார்த்துட்டு ஊத்தாம வர்றதும் வேலைதான்."

அவர் தலையை ஆட்டினார். பட்டறையில் புது அளவு சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வாரோ அப்படி, புருவத்தைச் சுருக்கி, கண்ணை எடுக்காமல் கேட்டார். என்னிடம் திரும்பி அவள், "ஆன்ட்டி, நீங்க இதுல கை வைக்கக்கூடாது. வாடுனாலும் வைக்கக்கூடாது" என்றாள். "எனக்கு இருக்குற வேலைல இது வேறயா" என்று சிரித்தேன்.

முதல் மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தண்ணீர் ஊற்றிய நாளில் சுவர்க் காலண்டரில் இடது கையால் ஒரு வட்டம் போடுவார். கோழி முட்டை போலக் கோணலாக இருக்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டு அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து பார்க்கிற பார்வையில், பழைய ஆள் கொஞ்சம் தெரிவார். ஐந்து மாதத்தில் நான் பார்க்காத ஆள்.

நாலாவது வாரம் மழை பிடித்தது. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது காலண்டரைப் பார்த்தேன். கடைசி வட்டம் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. செடியில் இரண்டு இலை லேசாகச் சாய்ந்திருந்தது. அன்று மாலை மகள் வீடியோவில் வருவாள், செடியைக் காட்டு என்பாள். அவர் உடை மாற்றிக்கொண்டிருந்தார். டம்ளரில் தண்ணீர் பிடித்துப் போய் ஊற்றிவிட்டு, டம்ளரைத் துடைத்து அதே இடத்தில் கவிழ்த்து வைத்தேன். மறந்துவிட்டார், பாவம், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிக்கொள்ளும்போது நெஞ்சில் ஒரு மூலையில் இதமாக இருந்தது. முப்பது வருடம் என் மடிப்பைப் பிரித்து மடித்தவரின் வேலையை நான் சரிபார்த்துவிட்டேன்.

மறுநாளும் வட்டம் இல்லை. மறுநாளும் ஊற்றினேன். அதன் பிறகு அது, காலையில் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது மாதிரி வழக்கமாகிவிட்டது. இதற்கு நடுவில் ஒருநாள், தட்டிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் கறை படிகிறது என்று, மகள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த வெள்ளைப் பீங்கான் சாடிக்குள் அந்தத் தொட்டியை இறக்கி வைத்தேன். அவர் "வேணாம்" என்று கையை ஆட்டினார். "அழகா இருக்குல்ல" என்றேன். சாடியின் அடியில் ஓட்டை கிடையாது. உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஒற்றைக் கையால் தொட்டியைத் தூக்கிப் பார்க்கவும் அவரால் முடியாது.

செடி இன்னும் வாடியது. வாட வாட நான் இன்னும் ஊற்றினேன். சில நாள் இரண்டு டம்ளர். தண்ணீர் போதாமல் வாடுகிற இலையும், தண்ணீர் மிஞ்சி வாடுகிற இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வெங்காயம் நறுக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊற்றியது யார் என்று தெரிந்தேதான் அவர் மேல் போட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை, சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு மிச்சமிருந்ததால் வீட்டில் இருந்தேன். ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்து திரும்பிய பிசியோ பெண் வந்தவுடன் செடியைத்தான் பார்த்தாள். பிளாஸ்டிக் தொட்டியைச் சாடியிலிருந்து தூக்கினாள். தூக்கியவுடன் நாற்றம் அறை முழுக்க அடித்தது, சாக்கடை மூடியைத் திறந்தது போல. சாடியில் நாலு விரல் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர். செடியை லேசாக இழுத்தாள். வேரில் பாதி மண்ணோடு நின்றுவிட்டது. கையில் வந்தது கொழகொழவென்று இருந்தது.

"அழுகிருச்சு. தண்ணி ரொம்ப அதிகம்" என்றாள். பிறகு போய்க் காலண்டரின் தாளைப் புரட்டி, போன மாதத்தையும் சேர்த்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். "அங்கிள், மொத்தமே நாலு வட்டம்தான் இருக்கு. இந்தப் புள்ளியெல்லாம் என்ன?"

ஒவ்வொரு நாள் எண்ணுக்குக் கீழும் கடுகளவு ஒரு புள்ளி இருந்தது. மழை பிடித்த நாட்களிலும் இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். பேனா தவறிப் பட்டது என்று நினைத்திருந்தேன். காலரில் ஒரு தையல் விட்டுப்போனால் மூன்றடி தூரத்திலிருந்து பிடித்துவிடுகிற நான்.

அவர் சுட்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். மண்ணில் இறக்குவது போல் கீழே குத்தினார். "பார்த்தேன்" என்றார். "டெய்லி."

ஒருநாள்கூட விடாமல் பார்த்திருக்கிறார். ஈரம் இருந்ததால் ஊற்றாமல் வந்திருக்கிறார். மறந்த நாள் என்று ஒன்று இல்லவே இல்லை.

"டெய்லி பார்த்து, ஈரமா இருந்து ஊத்தலைன்னா, இவ்வளவு தண்ணி எங்கேயிருந்து வந்துச்சு அங்கிள்?" அவள் கண்டிப்பாகக் கேட்கவில்லை, குழப்பத்தில்தான் கேட்டாள்.

அவர் காலண்டரைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார், தன் இடது கையை விரித்துப் பார்த்தார். யாரோ அந்தக் கையைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனது மாதிரி பார்த்தார். "தெரியல" என்றார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. என் வாய் திறந்தது. "அவருக்கு இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் குறையுதும்மா. ஊத்துனதே தெரியாம ஊத்தியிருப்பாரு" என்று அந்த வாய் சொன்னது.

அவர் என்னைப் பார்த்தார். நம்பினார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாண்டிவர முடியவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் பரவாயில்லை. முப்பது வருடமாக நான் பூட்டிய பூட்டை நம்பாதவர், அந்த ஒரு பொய்யை அப்படியே நம்பினார்.

வேறு செடி கொண்டுவருகிறேன் என்று அந்தப் பெண் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். அதோடு நின்றிருந்தால் ஒரு செடியோடு போயிருக்கும். மறுநாள், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "போட்டேனா?" என்று கேட்டார். இன்னும் போடவில்லை, கையில்தான் இருக்கிறது. அடுத்த நாள் சவரம் செய்துகொள்வதை நிறுத்தினார். இடது கையால் பழகி, இரண்டு மாதமாகத் தானே செய்துகொண்டிருந்தவர். கதவைச் சாத்தினேனா, விளக்கை அணைத்தேனா, சாப்பிட்டேனா. ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலண்டரில் புள்ளி இல்லை.

சவரம் நான் செய்துவிட்டேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா படியில் பார்த்தபோது, "வேலைக்கும் போய்ட்டு, வீட்டுக்காரர கைக்குழந்தை மாதிரி பாத்துக்கறீங்க. உங்கள மாதிரி யாருக்கு வரும்" என்றாள். காது மடல் சுட்டது. "என்னக்கா பண்றது" என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

மகளிடம் நான்தான் போனில் சொன்னேன், அப்பாவுக்கு மறதி என்று. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டியிருக்கிறது. அவள் பயந்துவிட்டாள். "அம்மா, இத லேசா விடாத. நரம்பு டாக்டர்ட்ட இந்த வாரமே காட்டு. நான் பேசி நேரம் வாங்கறேன்" என்றாள்.

டாக்டர் அம்மாள் நிதானமானவர். என் கணவரிடம் ஐந்து சொற்களைச் சொன்னார். சாவி, குதிரை, மேசை, மழை, கத்தி. பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னார், பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அவர் இடது கையால் வரைந்தார். வட்டம் கோணல்தான். ஆனால் பன்னிரண்டு எண்ணும் சரியான இடைவெளியில் இருந்தன. இந்த மாதம் என்ன, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "முதல்ல அஞ்சு வார்த்தை சொன்னேனே?" என்றார்.

நேரம் எடுத்தது. உதடு கோணி, தொண்டை நரம்பு புடைத்து, ஒவ்வொன்றாக வந்தது. ஐந்தும் வந்தது. சொன்ன வரிசையிலேயே வந்தது.

"பேச்சுதான் திக்குது. ஞாபகத்துக்கு ஒண்ணும் குறையில்லையே. என்ன மறந்துட்டாருன்னு வந்தீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் சொன்னார். "செடி." மூச்சு வாங்கினார். "தண்ணி... ஊத்தி, ஊத்தி... கொன்னுட்டேன். ஊத்துனது... ஞாபகமே... இல்ல." கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய அப்பா இறந்த அன்றுகூட அவர் கண்ணில் தண்ணீர் பார்த்ததில்லை.

டாக்டர் பேனாவை எடுத்தார். "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். ஒரு மாத்திரையும் ஆரம்பிக்கலாம்" என்றபடி எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா முனை தாளில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வரி எழுதினால் அது என் பொய்யாக இருக்காது, அவருடைய நோயாகிவிடும்.

"அவர் ஊத்தல. நான்தான் ஊத்துனேன்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "எப்போ?"

"தினமும். அவருக்குத் தெரியாம."

நான் அவர் பக்கம் திரும்பவில்லை. மேசை ஓரத்தில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் அவரோட பேசணும்" என்றார்.

ஆறு மாதத்துக்கு மேலாக அவருக்காக எல்லா இடத்திலும் பேசினது நான். அவர் உள்ளே இருக்க நான் வெளியே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கதவு வழியாக அவர் குரல் கேட்டது, சொல் புரியவில்லை. நிறுத்தி நிறுத்தி, ஆனால் நிறையப் பேசினார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "உள்ள இருக்கறது உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார். கதவைப் பார்த்தபடியே ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அவர் கேட்டார். "எத்தன நாளு?"

"முப்பத்து மூணு நாள் இருக்கும்."

"ஒரு டம்ளரா?"

"ஒண்ணு. சில நாள் ரெண்டு."

தலையை ஆட்டினார். மனதுக்குள் அளவு போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான், "ஏன்?" என்றார்.

செடி வாடிச்சு, மழை பெஞ்சுது, மக பாப்பாளேன்னு பயந்தேன். ஆட்டோ வருகிற வரைக்கும் சொல்வதற்கு நிறைய இருந்தது. "நீங்க ஒழுங்கா செய்வீங்கன்னு நான் நம்பல" என்றேன்.

எதிர்ச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். "எனக்கு மூளை... போயிருச்சுன்னு... நெனச்சேன். ராத்திரியெல்லாம்... பயந்துட்டே... படுத்திருந்தேன்."

அதே கட்டிலில்தான் நானும் படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றார். அது எந்த 'ம்' என்று இத்தனை வருடப் பழக்கத்திலும் எனக்குத் தெரியவில்லை. மகளிடமும் போனில் சொன்னேன். வழக்கமாகக் குத்துகிறவள் அன்று குத்தவில்லை. "சரிம்மா, அப்பாட்ட குடு" என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். மாத்திரை டப்பா மறுநாள் அவர் தலைமாட்டுக்குப் போயிற்று. தானே சவரம் செய்துகொண்டு தாடையில் இரண்டு வெட்டுக் காயத்தோடு வந்து உட்கார்ந்தார். பஞ்சு எடுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டிப் பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "முடி வெட்டிட்டு... வர்றேன்" என்றார். தெருவுக்கு அந்தப் பக்கம்தான் சலூன். நோய் வந்த பிறகு அவர் தனியாகப் படி இறங்கியதே இல்லை. செருப்பைத் தேடினேன். "நீ வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முப்பத்தாறு படி. ஒவ்வொன்றிலும் இடது கால் இறங்கி, வலது கால் இழுபட்டு வந்து சேருகிற சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டேன். சத்தம் நின்றதும் சன்னலுக்கு ஓடினேன். கீழே அவர் தெரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு பைக்காரன் வேகத்தைக் குறைத்தான், இவர் அசையாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். கூப்பிட்டால் கேட்கிற உயரம்தான். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு இடது காலை மெல்ல எடுத்துத் தார் ரோட்டின் மேல் வைத்தார்.